சிதறிக் கிடந்த மரபேட்டைக் கோத்தவர்

தாழ்வான வயல்களில் சம்பா பயிரிடும் உழவர்களுக்கு ‘சி.ஆர். 1009 சப் 1’ என்னும் நெல் இரகம் அறிமுகமானதே. இளம்பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை முழுவதும் நீரில் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்த்து எழும். ஒரு பயிற்சி முகாமில் இந்த இரகத்தைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“சார், வெள்ளத்தைத் தாங்குற குணம் நெல்லுக்குள்ள எங்க இருக்கு?”

“ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது ஐயா.”

“அது சரி. அதை எதுல பார்த்தீங்க?”

கணிப்பொறியில் பார்த்தோம் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கணக்குப் போடும் இயந்திரம் விதைக்குள் எப்படி எட்டிப் பார்க்கும்? நியாயமான கேள்விதான். அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அதற்கு ஜிம் கென்ட் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஆராய்ந்தது நெல்லை அன்று, மனிதனை. ஆயினும் ஓர் உயிரின் மரபேடு எவ்வாறு கோக்கப்படுகிறது, அதை ஏன் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் இரண்டையும் விளக்க அவருடைய வாழ்க்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நான்கு எழுத்து ஏடு

நெல்லானாலும் மனிதனானாலும், உயிரின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை உண்டு. இந்த இழை நான்கே வகை இரசாயன அலகுகளால் ஆனது. அவற்றை ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகளாகக் குறிப்பது வழக்கம். இந்த நான்கும் மாறி மாறி வரும் வரிசையில்தான் பயிரின் உயரம், வயது, நோய் எதிர்ப்பு ஆகிய குணங்களுக்கான செய்திகள் எழுதப்பட்டுள்ளன. ஒரு செய்தியைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். மரபணுக்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளும் சேர்ந்த முழு ஏடு ஜீனோம் எனப்படும்.

மனிதனின் ஜீனோமில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஒரு பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சிட்டால் 15 இலட்சம் பக்கம் வரும். நெல்லின் ஏடு இதைவிடச் சிறியது. 2005-இல் வெளியான கணக்குப்படி 38.9 கோடி எழுத்துகள்.

இந்த ஏட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படிக்கக்கூடிய கருவி எதுவும் அக்காலத்தில் இல்லை. அன்றைய கருவிகள் ஒரு தடவைக்கு ஐந்நூறு எழுத்து அளவில்தான் படிக்கும். எனவே ஏட்டைத் துண்டு துண்டாக்கிப் படித்துவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். இந்த ஒட்டும் வேலைதான் கணிப்பொறியின் வேலை.

இதை உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தைக் கொண்டே பார்க்கலாம். பத்திரத்துக்குப் பத்து நகல் எடுத்து, ஒவ்வொரு நகலையும் வெவ்வேறு இடங்களில் கிழித்து, எல்லாத் துண்டுகளையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் குலுக்கியதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு துண்டின் கடைசி வரியும் இன்னொரு துண்டின் முதல் வரியும் ஒன்றாக இருந்தால், இரண்டும் அடுத்தடுத்தவை என்று கண்டு ஒட்டலாம். நகல்கள் வெவ்வேறு இடத்தில் கிழிந்திருப்பதால் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். பொறுமை இருந்தால் பத்திரம் முழுவதையும் மீட்டுவிடலாம்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பத்திரத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ‘மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட’ என்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். இந்த வாசகத்தோடு முடியும் துண்டு பத்து இருந்தால், எதற்கு எது ஜோடி? தவறாக ஒட்டினால் மேட்டு நிலத்தின் எல்லை வாய்க்கால் ஓரத்து நஞ்சைக்குப் போய்விடும், அப்புறம் நீதிமன்றம்தான். மனித ஏட்டில் ஏறத்தாழப் பாதி இப்படித் திரும்ப வரும் வாசகங்களே. அவற்றுள் 300 எழுத்து நீளமுள்ள ஒன்று மட்டும் பத்து இலட்சம் தடவைக்கு மேல் வருகிறது. ஒட்டுவது ஏன் கடினம் என்பது இப்போது விளங்கும்.

படம் ஓட்டியவர் உயிரியலுக்கு வந்தார்

ஜிம் கென்ட் 1960-இல் ஹவாய்த் தீவுகளில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். கலிபோர்னியாவில் சாந்தா குருஸ் என்னும் ஊரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1983-இல் முதுகலை பெற்றார். பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் செய்தது கணிப்பொறித் திரையில் ஓவியங்களை அசையச் செய்யும் நிரல்களை எழுதும் தொழில். ‘ஆட்டோடெஸ்க் அனிமேட்டர்’ என்ற பெயரில் விற்பனையான நிரல் அவர் எழுதியதே.

அந்தத் தொழிலை விட்டு அவர் உயிரியலுக்கு வந்த காரணம் வேடிக்கையானது. விண்டோஸ் 95-க்கு நிரல் எழுதுவோருக்கான கையேடுகள் 12 குறுந்தகடுகளில் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்த கென்ட்டுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மனிதனின் மரபேடு முழுவதும் ஒரே குறுந்தகட்டில் அடங்கிவிடும். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறாது! மாறிக்கொண்டே இருக்கும் கையேட்டைப் படிப்பதைவிட மாறாத ஏட்டைப் படிப்பது மேல் என்று, தாம் படித்த அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துவிட்டார். அங்கே முதலில் அவர் எடுத்துக்கொண்டது மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய நூற்புழு. அதன் ஜீனோம் 1998-இல் வெளியாகியிருந்தது. அதைத் திரையில் விரித்துப் பார்க்க ஒரு நிரல் எழுதினார். பிற்காலத்தில் இந்தப் புழு வேலை பெரிதும் உதவியது.

பொதுக் கிணறா, பூட்டிய கிணறா?

இதே காலத்தில் மனித ஏட்டைப் படிக்கும் வேலை இரண்டு பக்கமாக நடந்து கொண்டிருந்தது. ஒரு பக்கம் 1990-இல் தொடங்கிய பொதுத் திட்டம். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அரசுகளின் பணத்திலும் அறக்கட்டளைகளின் பணத்திலும் இதைச் செய்தன. படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 1996-இல் அவை ஒப்புக்கொண்டிருந்தன. மறுபக்கம் 1998-இல் கிரெய்க் வெண்டர் தலைமையில் தொடங்கப்பட்ட செலரா என்னும் தனியார் நிறுவனம். ஏட்டை விரைவாகக் கோத்து, அதைப் பார்க்க விரும்பும் மருந்துக் கம்பெனிகளிடம் சந்தா வசூலிப்பது அதன் திட்டம்.

தனியார் என்பதற்காக மட்டும் குறை சொல்வதற்கில்லை. செலராவின் வல்லுநர்கள் செய்தது உயர்ந்த வேலை; போட்டி இல்லாமலிருந்தால் பொதுத் திட்டம் இன்னும் மெதுவாகவே நகர்ந்திருக்கும் என்பது என் கருத்து. கவலை வேறிடத்தில் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் ஒரு மரபணுவை முதலில் பிரித்தெடுத்து விவரித்தவர் அதற்குக் காப்புரிமை பெற முடிந்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரண்டு மரபணுக்களின் காப்புரிமை மிரியட் என்ற கம்பெனியிடம் இருந்தது. அந்த மரபணுக்களைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் 3,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வேறிடத்தில் சோதிக்கவும் வழியில்லை. கிணறு வெட்டியவன் கூலி கேட்கலாம். நிலத்தடி நீரே தன்னுடையது என்று சொல்லலாமா? 2013-இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம், இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2000-இல் அத்தகைய தீர்ப்பு எதுவும் இல்லை. எனவே ஏடு முதலில் யார் கையில் முழுமையாகிறது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. கென்ட்டும் காப்புரிமை வழங்கப்பட்ட விதத்தைக் கடுமையாக எதிர்த்தவர்.

நான்கு வாரம்

2000-ஆம் ஆண்டு மே மாதம் பொதுத் திட்டத்தின் நிலை இதுதான். ஏறத்தாழ 30,000 பெரிய பகுதிகளிலிருந்து படிக்கப்பட்டு, நான்கு இலட்சம் துண்டுகள் கையில் இருந்தன. எந்தத் துண்டுக்குப் பின் எது, எந்தத் துண்டு நேராக இருக்கிறது, எது தலைகீழாக இருக்கிறது என்பது தெரியவில்லை. செலராவிடமோ மிகப் பெரிய கணிப்பொறி வசதி இருந்தது. இரு தரப்பும் முதல் வரைவை அறிவிக்கும் நாள் ஜூன் 26 என்று முடிவாயிற்று.

சாந்தா குருஸில் டேவிட் ஹவுஸ்லர் என்ற கணிப்பொறிப் பேராசிரியர், ஏட்டில் மரபணுக்கள் எங்கெங்கே உள்ளன என்று தேடித் தரும் பொறுப்பை ஏற்றிருந்தார். ஏடே கோக்கப்படாமல் இருக்கும்போது எதில் தேடுவது? அவருடைய குழு கோக்கும் வேலையிலும் இறங்கியது. ஆனால் நாள் போதவில்லை. அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த கென்ட், தாமே வேறு வழியில் ஒரு நிரல் எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கு அப்போது வயது நாற்பது.

வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் அமர்ந்து நான்கு வாரம் எழுதினார். இரவில் மணிக்கட்டுகளில் ஐஸ் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குத் தட்டச்சு வேலை. ஏறத்தாழ 10,000 வரி கொண்ட அந்த நிரலுக்கு ‘கிக் அசெம்ப்ளர்’ என்று பெயர். அதை ஓட்டுவதற்குப் பல்கலைக்கழகம் வாங்கித் தந்தவை 100 சாதாரண பென்டியம் கணிப்பொறிகள். அலுவலகங்களில் கடிதம் தட்டச்சு செய்யப் பயன்படும் ரகம்தான்.

நிரல் செய்தது என்ன? முதலில், நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளை ஒட்டிச் சிறு சிறு கூட்டங்களாக்கியது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது போலிருப்பதால் இந்தக் கூட்டங்களுக்குத் ‘தெப்பம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே கென்ட் பெயராக வைத்தார். பிறகு தெப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். இங்கேதான் திரும்ப வரும் வாசகங்களின் தொல்லை. அதைத் தீர்க்க, படிவதை மட்டும் நம்பாமல் வெளிச் சான்றுகளையும் அவர் சேர்த்துக் கொண்டார்.

மீண்டும் உங்கள் பத்திரத்துக்கு வருவோம். கிழிந்த துண்டுகளோடு ஒரு வில்லங்கச் சான்றும் கையில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் முழு வாசகம் இல்லை. சர்வே எண்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைக் கொண்டு எந்தத் துண்டு முன், எது பின் என்று சொல்லிவிடலாம் அல்லவா? செல்லில் ஒரு மரபணு வேலை செய்யும்போது அதன் சுருக்க நகல் ஒன்று உருவாகிறது. இதை ஆர்.என்.ஏ. என்பர். இந்த நகல்களை விஞ்ஞானிகள் முன்பே ஏராளமாகப் படித்து வைத்திருந்தார்கள். ஒரு நகலின் முற்பகுதி ஒரு தெப்பத்திலும் பிற்பகுதி இன்னொரு தெப்பத்திலும் பொருந்தினால், அவ்விரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். எது நேர், எது தலைகீழ் என்பதும் தெரிந்துவிடும். இதே போல, ஒரு நீண்ட துண்டின் இரு முனைகளும் தனித்தனியே படிக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கிடையே உள்ள தூரமும் ஒரு சான்றாயிற்று. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் வலுவான சான்றுக்கே முதலிடம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் நடப்பதும் இதுதானே.

ஜூன் 22-இல் வரைவு முடிந்தது. செலராவின் வரைவு முடிந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. 26-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் முன்னிலையில் இரண்டும் சேர்த்தே அறிவிக்கப்பட்டன. ஜூலை 7-இல் சாந்தா குருஸ் குழு தன் வரைவைக் கணிப்பொறி வலையமைப்பில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். ஏட்டில் 88 விழுக்காடு என்பது மதிப்பீடு. குறைகள் நிறைய இருந்தன, இடைவெளிகளும் இருந்தன. ஆனாலும் மனித ஏடு பொதுச்சொத்தாகிவிட்டது. செலரா நிறுவனமே 2005-இல் தன்னிடமிருந்த விவரங்களைப் பொதுச் சேமிப்பில் சேர்க்க முன்வந்தது.

ஏட்டைக் கோப்பது ஒன்று, புரட்டிப் பார்ப்பது வேறு. 300 கோடி எழுத்தை அப்படியே திரையில் கொட்டினால் யாருக்கும் பயனில்லை. புழுவுக்கு எழுதிய நிரலை விரித்து, மனித ஏட்டைக் காட்டும் ‘ஜீனோம் பிரவுசர்’ என்னும் பார்வைக் கருவியை கென்ட் அதே ஆண்டில் உருவாக்கினார். கிராம வரைபடத்தில் ஒரு சர்வே எண்ணைத் தேடி, அதன் உட்பிரிவு, பக்கத்து வாய்க்கால், பாதை எல்லாம் பார்ப்பது போல, குரோமோசோமில் ஓர் இடத்தைக் குறித்தால் அங்குள்ள மரபணு, வேறு உயிர்களில் அதற்கு இணையான பகுதி எல்லாம் வரிவரியாகத் திரையில் வரும். படம் ஓட்டும் தொழிலில் பெற்ற பழக்கம் இங்கே கைகொடுத்தது. 2002-இல் அவர் வெளியிட்ட ‘பிளாட்’ என்னும் தேடும் நிரலும் முக்கியமானது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருப்பது போல, ஏட்டிலுள்ள 11 எழுத்துத் தொடர்கள் எங்கெங்கே உள்ளன என்று அது முன்கூட்டியே குறித்து வைத்துக் கொள்ளும். உங்களிடம் ஒரு துண்டு வரிசை இருந்தால், அது ஏட்டில் எங்கே பொருந்துகிறது என்று நொடிகளில் சொல்லிவிடும். அதே 2002-இல்தான் அவர் டாக்டர் பட்டமும் பெற்றார்.

நெல்லுக்கு வருவோம்

நெல் ஏட்டைப் படிக்க ஜப்பான் தலைமையில் நாடுகள் பல சேர்ந்த ஒரு பொதுத் திட்டம் அமைந்தது. நிப்பான்பாரே என்ற ஜப்பானிய இரகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நெல்லின் 12 குரோமோசோம்களை நாடுகள் பங்கிட்டுக் கொண்டபோது, 11-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது. டெல்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்திலும் அந்தப் பகுதி படிக்கப்பட்டது. முழு ஏடு 2005-இல் வெளியாயிற்று. இங்கும் வேலை முறை அதேதான்: துண்டாக்கிப் படிப்பது, படிவதைக் கண்டு ஒட்டுவது, பொதுவில் வைப்பது.

இனி அந்தப் பெரியவரின் கேள்வி. ஒரிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13 ஏ என்னும் இரகம் வெள்ளத்தைத் தாங்கும் என்பது பல்லாண்டுகளாகத் தெரிந்ததே. அதன் விளைச்சலும் அரிசியும் சுமார்தான். அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் உள்ளது என்று 1996-இல், பல தலைமுறைப் பயிர்களை ஒட்டுச்சேர்த்துப் பார்த்து, ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஊர் தெரிந்தது, வீட்டு எண் தெரியவில்லை. அந்தப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்ட பின், 2006-இல் ‘சப் 1 ஏ’ என்ற மரபணுவே காரணம் என்று தெளிவாயிற்று.

இதில் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மரபணு நிப்பான்பாரேயில் இல்லை! அதே இடத்தில் அதன் பங்காளிகள் இரண்டு மட்டும் இருக்கின்றன. உலகம் முழுதும் சேர்ந்து படித்த ஏட்டில் இடம் இருந்தது, ஆள் இல்லை. ஒரிசாவின் வெள்ளக்காட்டில் யாரோ சில குடியானவர்கள் வழிவழியாக விதை எடுத்து வைத்திராவிட்டால் கணிப்பொறி எத்தனை வேகமாக ஓடியும் அதைக் கண்டிருக்க முடியாது. இதை உணர்ந்தே பின்னர் ஒரு நெல்லோடு நிறுத்தாமல், 3,000 நெல் இரகங்களின் ஏடுகள் படிக்கப்பட்டு 2014-இல் பொதுவில் வைக்கப்பட்டன.

இடம் தெரிந்ததால் இனப்பெருக்க வேலையும் சுருங்கியது. முன்பெல்லாம் ஒட்டுச்சேர்த்த ஒவ்வொரு தலைமுறையையும் தொட்டியில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். இப்போது நாற்றின் இலையில் ஒரு சிறு துண்டு போதும். அந்த மரபணு வந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்து, வராததைக் கழித்துவிடலாம். இவ்வாறு சுவர்ணா இரகத்தில் இக்குணம் சேர்க்கப்பட்டு 2009-இல் நம் நாட்டில் வெளியிடப்பட்டது. சி.ஆர். 1009-க்கும் இதே முறைதான். இது ஒட்டுச்சேர்ப்பில் வந்தது. நெல்லிலிருந்து நெல்லுக்கே போனது. மரபணு மாற்றுப் பயிர் என்று சிலர் குழப்பிக் கொள்கிறார்கள், ஆகவே குறிப்பிடுகிறேன்.

மனித ஏட்டில் விடுபட்டிருந்த இடைவெளிகள் முழுதும் நிரம்பியது 2022-இல்தான். கடைசிவரை அடம்பிடித்தவை அந்தத் ‘மேற்படி நான்கெல்லைக்குட்பட்ட’ பகுதிகளே. ஒரே தடவையில் பல்லாயிரம் எழுத்துகளைப் படிக்கும் புதிய கருவிகள் வந்த பிறகே அவை வசப்பட்டன. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான கேரன் மீகா, அதே சாந்தா குருஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

முகாமில் தேநீர் இடைவேளையின்போது அந்தப் பெரியவரை அழைத்து, மடிக்கணினியில் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதைப் பார்க்க எவ்வளவு கட்டணும்?” என்று கேட்டார்.

“ஒன்றும் கட்ட வேண்டாம் ஐயா. உங்கள் பேரன் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.”

“பேரனுக்குக் காட்டுறேன், எழுதிக் குடுங்க” என்று சட்டைப்பையிலிருந்து உர ரசீது ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.